மூன்று துடுப்பு

நான் குறி வைத்தது வான்கோழிக்கு.
கர்லிங் கிளப் பிங்கோவில் ஒரே ஒரு எண்ணில் அதைத்
தபால்கார லார்ஸ் தட்டிக்கொண்டு போனான்.
எனக்கு இரண்டாம் பரிசு:
ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே
ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளமாய்
ஒரு காகிதக் குழல்.
"ராக்கெட்" என்றது உறை. நான் நம்பவில்லை.

பிப்ரவரியில் மூன்று நாள் புயல்.
சஸ்காட்செவன் முழுக்க வெள்ளை.
பனி தள்ளும் என் வண்டிக்கே பனி விடுமுறை.
உறையைக் கிழித்தேன்.

பசையை உள்ளே தடவு, நிறுத்தாமல் தள்ளு
என்றது குறிப்புத் தாள்.
தும்மல் வந்தது. நிறுத்தினேன்.
மோட்டார் வளையம் பாதி வழியில் பிடித்துக்கொண்டது.
பதினேழு வருஷம் நெடுஞ்சாலையைச் சுரண்டிய கை
பென்சிலை விட்டு நெம்பு நெம்பென்று நெம்பி,
முக்கால் வழி போதும் என்று சமாதானமானது.

பால்சாப் பலகை கையில் இருப்பதே தெரியவில்லை.
வெட்டுக் கோட்டில் பெருவிரலால் அழுத்த
ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி
கழன்று வந்தன மூன்று துடுப்புகள்.
மூன்று ஓட்டையோடு மீந்த பலகையை எறிய எழுந்தேன்.
குப்பைப் பை நிறைந்திருந்தது.
ஜன்னலில் சாத்தி வைத்தேன்.

மாடி வீட்டு ஒரீஸ்யா சர்க்கரை கேட்டு இறங்கி வந்தாள்.
"மூக்கு இருக்கு, முழி எங்கே?"
நகப்பூச்சால் இரண்டு கண் வைத்துவிட்டு
சர்க்கரையை மறந்து போனாள்.
அதற்கப்புறம் அதன் எதிரே
உடை மாற்றக் கூச்சமாகிவிட்டது.

மார்ச். உறைந்த ஏரி. மைனஸ் பத்தொன்பது.
தூரத்தில் மீன்பிடிக் குடில்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு புகை.
பேட்டரிகள் குளிரில் செத்துவிடும் என்று
நான்கையும் அக்குளில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.
ஐந்திலிருந்து எண்ணினாள் ஒரீஸ்யா, உக்ரைன் மொழியில்,
கழுத்துத் துணிக்குள்ளிருந்து.
அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.

ஒரு நிமிஷம் காத்திரு, கிட்டே போகாதே, என்றது தாள்.
ஆறு வருஷம் மேலும் கீழுமாக இருக்கிறோம்;
சும்மா சேர்ந்து நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.
அவள் பூட்ஸின் இடது லேஸ் மஞ்சள், வலது கறுப்பு.
இதுவரை பார்த்ததில்லை.

பேட்டரிகள் இந்த முறை அவள் அக்குளுக்குப் போயின.
எண்ணவில்லை. அழுத்தினேன்.

ஸ்ஸ்

கம்பி மட்டும் நின்றது.
புகை நூல் கிழக்கே சாய்ந்தது.
அண்ணாந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது
அது இல்லாத இடத்தை.
மிக உயரத்தில் 'டப்' என்று ஒரு சின்ன அதட்டல்,
அப்புறம் ஆரஞ்சு நாடா, கண்ணில் விழுந்த தூசி அளவு,
குடில்களின் பக்கம் சரிந்து சரிந்து.

ஓடினோம். அதாவது, அந்தப் பூட்ஸில் ஓட முடிந்த அளவு.
குடிலுக்கு வெளியே தோர்வல் எழுந்து நின்று
தன் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஏரி பதினோரு கிலோமீட்டர்.
துளை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.
"கண் இருந்துச்சு அதுக்கு," என்றான்,
ரொம்ப மெதுவாக.
"துடுப்பும் இருந்துச்சே," என்றாள் ஒரீஸ்யா,
"வேற எங்கே போகும்?"

பால்சா மூழ்காது.
ஐஸின் அடிப்பக்கத்தை மூக்கால் முட்டிக்கொண்டு
இன்னும் மேலே போகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

தோர்வல் ஒரு பெர்ச் மீன் தந்தான்,
குற்றம் தன் துளையுடையது என்பது போல.

மாலை, வாணலியில் மீன்.
ஜன்னல் பலகையின் ஓட்டைகள் வழியே
மேஜைமேல் மூன்று துடுப்புகள், வெயிலால் ஆனவை,
சாய்ந்து, நீண்டு, அளவுக்கு உதவாமல்.
சீரியல் டப்பாவைக் கிழித்துப் பரப்பி
பலகையை அதன்மேல் படுக்கவைத்தேன்.
ஓட்டையின் உள்விளிம்பைப் பென்சில் தொட்டுக்கொண்டே போக
ஒன்று. இரண்டு.
மூன்றாவது கொஞ்சம் கோணல்.
"மீன் கருகுது," என்றாள் ஒரீஸ்யா,
கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே.